பச்சைப் பால் விற்கலாமா, தடை போடணுமா? சட்டம், சூடு, சந்தேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் கறந்த பாலை விற்கத் தடை என்கிறார்கள். இங்கே விடிகாலையில் தெருத்தெருவாக ஊற்றுகிறார்கள். இது சட்டப்படி சரிதானா?

சரிதான். உணவுப் பாதுகாப்பு தரநிர்ணயச் சட்டம் (2006), அதன் கீழ் 2011இல் வந்த விதிகள் எதுவும் பச்சைப் பால் விற்பனையைத் தடுக்கவில்லை. எதையும் சேர்க்காத, எதையும் எடுக்காத, சீம்பால் கலக்காத பாலாக இருக்கணும், அவ்வளவுதான். பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதம், கொழுப்பு நீங்கலான திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) 8.3 சதவீதம் இருக்கணும். எருமைப்பாலுக்கு 5, 9. ஒரு நாளைக்கு 500 லிட்டர் வரை கையாளுகிறவருக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். கறக்கிற பால் முழுவதையும் சொசைட்டிக்கே ஊற்றும் உறுப்பினருக்கு அந்தப் பதிவும் வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் முழுத் தடை இல்லை. 1987 முதல் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்கத்தான் தடை. உள்ளூர் விற்பனை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கலிஃபோர்னியாவில் கடையிலேயே கிடைக்கும். முழுசாகத் தடை போட்டவை ஸ்காட்லாந்தும் (1983) கனடாவும் (1991). அங்கெல்லாம் பாலை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே குடிப்பார்கள், நாம் அடுப்பில் வைக்கிறோம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு அங்கத்திய சட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பயனில்லை.

கேள்வி: அப்போ உங்கள் கட்சி எது? தடையா, தாராளமா?

விற்பனை சட்டப்படியே இருக்கட்டும். "காய்ச்சாமல் குடிக்கலாம்" என்று சொல்லி விற்பதைத்தான் தடுக்கணும்.

முழுத் தடை போட்டால் இரண்டு மாடு வைத்திருப்பவர் கறவையை நிறுத்திவிட மாட்டார். அதே பால் மறைவாக, ஐஸ் இல்லாமல், யாரும் மாதிரி எடுக்க முடியாத இடத்தில் விற்கும். இத்தாலியில் பச்சைப் பால் ஊற்றும் தானியங்கி இயந்திரம் உண்டு, காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் அறிவிப்பு அதில் கட்டாயம். ஜெர்மனியில் பண்ணை வாசலில் விற்கும் பாலுக்கும் அப்படியே. நம் தெருவில் கேனில் அளந்து ஊற்றும் பாலுக்கு லேபிளே கிடையாது, ஆனால் வாங்குகிறவர் காய்ச்சிவிடுகிறார். எனக்குக் கவலை தருவது கண்ணாடி பாட்டிலில் "பச்சை, பதப்படுத்தாதது" என்று பெருமையாக அச்சடித்து வரும் பால்தான். அதை வாங்குகிறவர்களில்தான் காய்ச்சாமல் குடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நாட்டு மாடு, ஏ2 பால், பண்ணையை நேரில் போய்ப் பார்த்தேன், மாடு ஆரோக்கியமாக இருக்கிறது. அதையுமா காய்ச்சணும்?

ஆமாம் சார், அதையும்தான். புரூசெல்லா கிருமி உள்ள மாடு பார்க்க நன்றாகவே இருக்கும். சினை முற்றுகிற நேரத்தில் கன்று வீசினால்தான் சந்தேகமே வரும், அதற்கு முன்பே பாலில் கிருமி வரலாம். மனிதருக்கு அது வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி. மாட்டுக் காசநோயும் பால் வழியாக வரும். ஈ.கோலை, சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் மூன்றும் சாணத்தில் இருந்து வருபவை, மாடு நோயாளியாக இருக்க வேண்டியதே இல்லை. ஏ2 என்பது ஒரு புரத வகை. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சத்து போய்விடும் என்ற பயமும் வேண்டாம். கால்சியமும் புரதமும் போகாது. சில பி வைட்டமின்களில் கொஞ்சம் குறையும். வைட்டமின் சி குறையும்தான், ஆனால் பாலில் அது இருப்பதே சொற்பம். "பச்சைப் பாலில் லாக்டோஸைச் செரிக்கும் நொதி இருக்கிறது" என்பது தவறு, பாலில் அப்படி ஒரு நொதி இல்லை. ஐரோப்பாவில் பண்ணைப் பால் குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அந்த ஆய்வாளர்களே கிருமி அபாயத்தைக் காட்டி, பச்சைப் பாலைப் பரிந்துரைக்கவில்லை.

கேள்வி: எவ்வளவு நேரம் காய்ச்சணும்? பொங்கினதும் இறக்கிடலாமா அக்கா?

பாஸ்ச்சரைசேஷனுக்கு (நோய்க்கிருமி சாகும் அளவுக்குச் சூடேற்றுவது) 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி போதும். வீட்டு அடுப்பு அதைத் தாண்டிவிடும். கோளாறு வருவது ஆடையால். அடியில் சூடேறும்போது ஆடைக்குக் கீழே ஆவி அடைபட்டுப் பால் பொங்கும், மேலே இருப்பது அப்போதும் அவ்வளவு சூடாகியிருக்காது. அதனால் ஆரம்பத்தில் இருந்தே கிண்டிக்கொண்டிருங்கள். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து இன்னும் 2 நிமிடம் விடுங்கள். பத்து நிமிடம் சுண்டக் காய்ச்சினால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது, நிறமும் மணமும்தான் மாறும். ஆறினதும் ஃபிரிட்ஜில் வைக்கணும். காய்ச்சின பாலில் பச்சைப் பாலைக் கலக்கக் கூடாது, காய்ச்சினதே வீண்.

கேள்வி: நான்கு மாடு வைத்து 15 வீட்டுக்கு நேரடியாக ஊற்றுகிறேன். என்னென்ன சரியாக இருக்கணும் அண்ணே?

தம்பி, கறவையில் தொடங்குங்கள். காம்பைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைக்கணும். சொட்டுகிற தண்ணீர்தான் சாணத்தைப் பாலுக்குள் இறக்கும். முதல் மூன்று நான்கு பீச்சைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள். திரி திரியாக வந்தால் மடிநோய், அந்த மாட்டுப் பாலைத் தனியாக ஒதுக்குங்கள். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள், கொஞ்ச நேரம் மாடு படுக்காமல் தீவனம் போட்டு நிறுத்துங்கள்.

அடுத்தது குளிர். மடியில் இருந்து வரும்போது பால் கிட்டத்தட்ட 38 டிகிரி. இரண்டு மணி நேரத்துக்குள் வீடு சேராவிட்டால் 4 டிகிரிக்கு இறக்கணும். ஐஸ் நிறையப் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கேனை வைத்துக் கிண்டினால் ஆகும். ஐஸைப் பாலுக்குள் போட்டால் அது கலப்படம். கோடையில் சிலர் சோடா மாவு போடுவதும் குளிர் வசதி இல்லாத குறையை மறைக்கத்தான்.

கேனை முதலில் வெந்நீரில் கழுவாதீர்கள், பால் புரதம் இறுகிக் கல் போல ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு வாஷிங் சோடா போட்ட வெந்நீர், பிறகு கவிழ்த்துக் காயவைப்பது.

கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புரூசெல்லா தடுப்பூசி, ஆயுளுக்கு ஒரே ஊசி.

கேள்வி: லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்தால் தண்ணீர் தெரிந்துவிடுமா?

லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியைக் காட்டும் கருவி) மட்டும் என்றால் ஏமாறலாம். தண்ணீர் ஊற்றினால் அளவு இறங்கும், ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தவர் சரியான அளவையே காட்டுவார். கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கணும். லாக்டோமீட்டர் அளவை 4ஆல் வகுத்து, கொழுப்பில் கால் பங்கும் 0.44ம் கூட்டினால் எஸ்.என்.எஃப். கிடைக்கும். அளவு 28, கொழுப்பு 4 என்றால் 8.44. இதே பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் என்றால் அளவு 25க்கும், கொழுப்பு 3.6க்கும் இறங்கி, எஸ்.என்.எஃப். 7.6தான் வரும்.

கிருமி அளவுக்கு மெத்திலின் நீலம்: 10 மில்லி பாலில் 1 மில்லி சாயம், 37 டிகிரியில் வையுங்கள். நீலம் 5 மணி நேரம் நின்றால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசம். வாடிக்கையாளரிடம் காட்ட இதைவிடக் கண்கூடான சோதனை இல்லை.

கேள்வி: காய்ச்சிவிட்டால் எல்லாமே போய்விடுமா?

கிருமி போகும். மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் எச்சம் அப்படியே இருக்கும், அதனால் மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும் நாட்கள் முடியும்வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கில் இருந்து வரும் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சும் சூட்டுக்கு அசையாது. 2018இல் நாடு முழுக்க 6,432 மாதிரிகள் எடுத்த ஆய்வில் இந்த நச்சு வரம்பு மீறிய மாதிரிகள் அதிகம் இருந்தது தமிழ்நாட்டில்தான்: 551இல் 88. அதிலும் பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் கூடுதல். பாக்கெட் பால்காரர்கள் இதற்குப் பதில் சொல்லணும்.

கேள்வி: கோயிலில் அபிஷேகப் பாலைக் கையில் தருகிறார்கள். குழந்தைக்குக் கொடுக்கலாமா?

காய்ச்சாத பால், திறந்த பாத்திரம், பல கை பட்டது. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டாம், தலையில் தடவி விடுங்கள்.