வீட்லயே பாட்டு ரெக்கார்ட் பண்றவங்க கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பல வருஷமா ஒரு சின்ன ரூம்ல உக்காந்து பாடி, கிட்டார் வாசிச்சு, ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கேன். சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்துச்சு, திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

அண்ணா, நல்ல கண்டென்சர் மைக் வாங்கியும் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரியே இருக்கு. மைக்கை மாத்திடட்டுமா?

மாத்தாதீங்க தம்பி, அது மைக்கோட தப்பே இல்ல, ரூம் பண்ற வேலை. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், சுவர் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தா போய் மோதி திரும்ப 9 மில்லிசெகண்ட் கிட்ட ஆகுது. நேர்ல கேக்கும்போது நம்ம மூளை அதைக் கண்டுக்காம விட்டுடும், மைக்குக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது, எல்லாத்தையும் சேர்த்து வாங்கிக்கும். எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா மைக்குக்குப் பின்னாடி மட்டும் ஃபோம் ஒட்டுறது. கார்டியாய்ட் மைக் முன்பக்கம் வர்றதைத்தான் அதிகமா கேக்கும், அப்போ அது பாத்துட்டு இருக்கிறது உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற சுவரைத்தானே? அங்க ரெண்டு மூணு கனமான போர்வையைத் தொங்க விடுங்க, இல்லன்னா துணி நெறஞ்ச பீரோவைத் திறந்து வச்சு அதுக்கு முதுகு காட்டி நின்னு பாடுங்க. மெல்லிசான ஃபோம் மேல் ஸ்தாயி சத்தத்தை மட்டும் தின்னுட்டு பேஸை அப்படியே விட்டுடும், ரூம் மந்தமா ஆயிடும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் போதும், ரொம்ப ஒட்டிப் பாடினா பேஸ் ஊதிக்கும்.

ஹெட்ஃபோன்ல என் குரல் எனக்கே லேட்டா கேக்குது, தாளம் விட்டுப் போகுது.

பஃபர் சைஸைப் பாருங்க, அதாவது சத்தத்தோட எத்தனை சின்னத் துண்டை (சாம்பிள்) கம்ப்யூட்டர் ஒரு தடவைல சேர்த்து வாங்கிக்குதுன்னு. செகண்டுக்கு 48,000 சாம்பிள் எடுக்கும்போது 1024 வச்சா உள்ள போறதுக்கு மட்டுமே 21 மில்லிசெகண்ட், வெளிய வர்றதுக்கு இன்னொரு 21. 128 வச்சா ஒரு பக்கத்துக்கு 3 கூட வராது. கம்ப்யூட்டர் திணறினா இன்டர்ஃபேஸ்ல (மைக்கை கம்ப்யூட்டரோட சேர்க்கிற பெட்டி) டைரக்ட் மானிட்டர் இருக்கான்னு தேடுங்க, அது குரலை கம்ப்யூட்டருக்குள்ள சுத்த விடாம நேரா ஹெட்ஃபோனுக்கு அனுப்பிடும். எடுத்த ட்ராக்கையெல்லாம் அளவா சேர்த்து மிக்ஸ் பண்ணும்போது பஃபரை ஏத்திக்கலாம்.

லெவல் எவ்ளோ வைக்கணும் சார்?

24 பிட்ல (சத்தத்தை நுணுக்கமா அளக்கிற செட்டிங்) ரெக்கார்ட் பண்ணுங்க, மீட்டர்ல 0தான் எல்லை, உச்சம் மைனஸ் 12லேர்ந்து மைனஸ் 10 டெசிபல்குள்ள நிக்கட்டும். டேப் காலத்துல இரைச்சலை அமுக்க லெவலை ஏத்த வேண்டியிருந்துச்சு, இப்ப அந்த பயம் வேண்டாம். டெஸ்ட்ல பாடுறதை விட நிஜ டேக்ல எல்லாருமே சத்தமா பாடுவாங்க, எல்லை மீறி க்ளிப் ஆனதை, அதாவது தலை வெட்டுப்பட்ட சத்தத்தை, முழுசா மீட்கவே முடியாது.

உம்ம்னு ஒரு சத்தம்...

முதல்ல லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க. பாதி பேருக்கு அதுதான்.

ராத்திரி பிரமாதமா இருந்த மிக்ஸ் காலைல கேட்டா அழுகையா வருது, ஏன்க்கா?

நான் அக்கா இல்லப்பா, பரவால்ல. வால்யூம் ஏத்தினா பேஸும் ட்ரெபிளும் காதுக்குக் கூடுதலா தெரியும், இதை ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து காட்டிட்டாங்க. ராத்திரி ஆக ஆக காது களைச்சு நாம ஏத்திக்கிட்டே போறோம், அப்புறம் குறைச்சுக் கேட்டா பேஸ் காணாமப் போயிருக்கும். பக்கத்துல ஒருத்தர் பேசினா கேக்குற அளவு வால்யூம்லயே மிக்ஸ் பண்ணுங்க.

நாப்பது டேக் எடுத்தேன், கடைசில முதல் டேக்தான் நல்லாருக்கு, ஆனா அதை அழிச்சுட்டேன்.

இதைப் படிச்சதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, ஏன்னா நானும் அழிச்சிருக்கேன். ஒரு இடத்துல மூச்சு வாங்கினது கேக்குதுன்னு அழிச்சேன், அதுக்கப்புறம் எவ்ளோ பாடியும் அந்த வரில இருந்த உயிர் வரல. எதையும் அழிக்காதீங்க, மூணு நாலு டேக் எடுத்து வரி வரியா நல்லதைப் பொறுக்கி ஒட்டுங்க. சின்ன சுருதிப் பிசிறு இருந்தாலும் உணர்ச்சி இருக்கிற டேக்தான் என் ஓட்டு.

இவ்ளோ கஷ்டத்துல சந்தோஷம்னு ஒண்ணு வருதா?

வருதுங்க. ஒருநாள் ராத்திரி ரொம்ப நேரம் ஆயிடுச்சு, ஃபேனை நிறுத்திட்டு வேர்த்துக் கொட்ட என் குரல் மேலயே ரெண்டாவது குரல் போட்டுட்டு இருந்தேன். ஒரு நீளமான ஸ்வரத்துல ரெண்டும் கொஞ்சம் விலகி அலையடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நான் இம்மி ஏத்தினேன், அலை மெதுவாகி மெதுவாகி நின்னுச்சு, ரெண்டு குரல் ஒண்ணாயிடுச்சு. நாலு செகண்ட் இருக்கும். வெளிய மழை பிடிச்சிருந்தது அந்த ட்ராக்ல லேசா கேக்கும், அதை இன்னும் எடுக்கல.