டயர் முதல் சிலிண்டர் வரை: வாயு பற்றிக் கேளுங்கள்

கேள்வி: சார், காலையில் கார் டயருக்கு 32 பிஎஸ்ஐ வைத்தேன். மதியம் பைபாஸில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் 36-ஐத் தாண்டிக் காட்டுகிறது. மீட்டர் கோளாறா? கொஞ்சம் இறக்கிவிடவா?

பதில்: மீட்டர் சரிதான், இறக்காதீர்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு (சுமார் 14.7 பிஎஸ்ஐ) மேல் இருப்பதை மட்டும்தான். கணக்குப் போட அந்த 14.7-ஐயும் சேர்க்க வேண்டும், ஆக உள்ளே இருந்தது 46.7. வெப்பநிலைக்கும் 273 கூட்டிக் கெல்வினாக்கணும் (இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையைச் சுழியமாக வைத்த அளவு), அழுத்தம் அதற்கு நேர்விகிதத்தில்தான் ஏறும்: காலையில் டயர் 27 டிகிரி என்றால் 300, ஓடிச் சூடாகி 57 ஆனால் 330, அதாவது பத்து சதவீதம் அதிகம். 46.7-ஐப் பத்து சதவீதம் ஏற்றினால் 51.4, அதில் 14.7-ஐக் கழித்தால் 36.7. கம்பெனி சொல்லும் அளவு ஆறிய டயருக்கு. சூட்டில் இறக்கிவிட்டால் மறுநாள் காலை காற்று குறைந்த டயரோடுதான் கிளம்புவீர்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாதாமே அண்ணா?

பதில்: யார் சொன்னது? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எந்த வாயு என்பது முக்கியமில்லை, எத்தனை மூலக்கூறு என்பதுதான் கணக்கு. 1811-லேயே இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ போட்ட அடித்தளம் இது. அடிக்கும் நைட்ரஜனில் ஈரம் இருக்காது, அது ஒரு நன்மை. காசு கொடுப்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். அழுத்தமும் வெப்பநிலையும் நேர்விகிதம் என்றால் 27 டிகிரி 54 ஆகும்போது அழுத்தம் இரட்டிப்பாகுமா?

பதில்: ஆகாது தம்பி, 300 கெல்வின் 327 ஆகிறது, ஒன்பது சதவீதம்தான். இரட்டிப்பாக வேண்டுமென்றால் 327 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கணும்.

கேள்வி: வீட்டு கேஸ் சிலிண்டரில் பிரஷர் மீட்டர் மாட்டினால் மிச்சம் எவ்வளவு என்று தெரியுமா?

பதில்: தெரியாது. உள்ளே இருக்கும் 14.2 கிலோவில் பெரும்பகுதி திரவம். மேலே வாயுவை எடுக்க எடுக்கக் கீழே திரவம் ஆவியாகி ஈடுகட்டிவிடும், அதனால் வெப்பநிலை மாறாதவரை திரவம் தீரும் மட்டும் முள் பெரிதாக அசையாது, அப்புறம் மளமளவென்று விழும். எடை போட்டு, சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையைக் கழித்துப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கதை வேறு. அதில் முழுக்க வாயுதான், அழுத்தம் 150 பாரிலிருந்து 75 ஆனால் ஏறக்குறைய பாதி தீர்ந்தது என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் ஹோட்டல் சிலிண்டரில் பனி பிடித்துத் தீ குறைகிறது. வெந்நீர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். வேகமாக எடுக்கும்போது திரவம் ஆவியாகத் தன் சூட்டையே செலவழிக்கிறது, குளிர்ந்து அழுத்தம் இறங்குகிறது. இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து இணைத்துத் தரச் சொல்லி ஏஜென்சியில் கேளுங்கள், ஒவ்வொன்றின் மேலும் பாரம் குறையும்.