45 வயதில் ‘இனி எனக்கு வராது’ என்ற எண்ணத்தை எப்படித் தாண்டுவது?

கணினி, ஆங்கிலம் எதுவும் இனி வராது என்று தோன்றுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். வயதுக்கும் இதில் பங்கு உண்டு, கூடுதல் நேரம் பிடிக்கும். ஆனால் பெரிய முட்டுக்கட்டை அது இல்லை.

வங்கியில் ஆங்கிலப் படிவம் தருகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பையனிடம், “தம்பி, இதைக் கொஞ்சம் நிரப்பிக் குடுப்பா” என்கிறோம். உடனே மனசு லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதிதான் வினை. தவிர்த்தால் தப்பிக்கலாம் என்று மனம் பழகிக்கொள்கிறது, அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது. நாளடைவில் அதுவே ‘எனக்கு வராது’ என்று ஆகிவிடுகிறது.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். பிறர் தரும் ஊக்கத்தைவிட, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் வலு அதிகம் என்றார். அதனால் தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், செய்யச் செய்யத்தான் அது வரும்.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018-இல் தன் 96-ஆம் வயதில் மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். அப்புறம் கணினியும் கற்க ஆசைப்பட்டார். எனக்கு மதிப்பெண்ணைவிட அந்த ஆசைதான் பெரிதாகப் படுகிறது.

அடுத்த தடவை படிவத்தில் பெயரும் முகவரியும் மட்டுமாவது நீங்களே எழுதுங்கள். தப்பாகிவிட்டால் இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.