சாவித்திரியா, சரோஜாதேவியா, தேவிகாவா?

கேள்வி: மகள் பிறந்து இருபது நாள். ரேவதி நட்சத்திரம். தே, தோ, ச, சி ஆகிய எழுத்துகளில் பெயர் தொடங்க வேண்டும் என்று சாத்திரி சொல்லியிருக்கிறார். மாமி பழைய படங்கள் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்பவர். சாவித்திரி அல்லது சரோஜாதேவி என்று நிற்கிறார். என் கணவருக்குத் தேவிகா. எண் பார்ப்பவரோ தேவிகாவை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு ‘எச்’ சேர்க்கச் சொல்கிறார். முப்பத்தோராம் நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். நடிகைகளின் பெயரை வைக்கலாமா? வைத்தால் எதை?
— ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: மாமிக்குப் பிடித்ததை எழுதியிருக்கிறீர்கள். கணவருக்குப் பிடித்ததை எழுதியிருக்கிறீர்கள். சாத்திரியும் எண்காரரும் சொன்னதைக்கூட விடவில்லை. பத்து மாதம் சுமந்தவருக்கு எது பிடிக்கும் என்பதற்குத்தான் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அதை எங்களுக்கு எழுத வேண்டாம், வீட்டில் சொல்லுங்கள்.

வைக்கலாமா என்றால், தாராளமாக. யமனிடம் வாதாடிக் கணவனை மீட்டவளின் பெயர் சாவித்திரி; நடிகைக்கு அது பிந்தித்தான் வந்தது. 1981இல் அவர் மறைந்த விதத்தைச் சொல்லி, “ராசியில்லாத பெயர்” என்று யாராவது இழுப்பார்கள். அதே பெயரோடு பேரப்பிள்ளைகள் கண்ட பாட்டிகள் உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார்கள், அவர்களைக் காட்டுங்கள்.

மாமி அறிய வேண்டியது வேறொன்று. நடிகையின் பெயர் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, படத்துக்காக வைத்த பெயர். உங்கள் கணவர் விரும்பும் தேவிகாவின் சொந்தப் பெயர் பிரமீளா. கே.ஆர். விஜயா வீட்டில் தெய்வநாயகி. மனோரமா, கோபிசாந்தாவாகப் பிறந்தவர். டி.ஆர். ராஜகுமாரி, ராஜாயி. ஸ்ரீபிரியா, அலமேலு. காஞ்சனாவின் பெயர் வசுந்தராதேவி. வைஜெயந்திமாலாவின் தாயார் அதே பெயரில் ஏற்கெனவே நடித்திருந்ததால் இயக்குநர் ஸ்ரீதர் மாற்றினார். ஆண்களிலும் இதே கதைதான். சிவாஜிராவை ரஜினிகாந்த் ஆக்கிய பாலசந்தர், அந்தப் பெயரை எடுத்தது தன்னுடைய ‘மேஜர் சந்திரகாந்த்’ படத்தின் ஒரு பாத்திரத்திலிருந்து. சுவரொட்டியில் எடுப்பாக நிற்க வேண்டும், இன்னொருவரோடு குழம்பக்கூடாது: அவர்கள் பார்த்தது இவ்வளவுதான். உங்கள் பிள்ளைக்குச் சுவரொட்டி இல்லை, பிறப்புப் பத்திரம் இருக்கிறது. ஆகவே ஆளைப் பார்த்துப் பெயர் எடுக்காமல், பெயரைப் பார்த்து எடுங்கள். நடிகையைத் தெரியாத ஒருவர் காதிலும் அது நன்றாக விழ வேண்டும்.

இனி உங்கள் மூன்று பெயர்களும். மூன்றும் ரேவதிக்குப் பொருந்துவது உங்கள் அதிர்ஷ்டம். பத்மினி கேட்டிருந்தால் மாமி உத்தரத்துக்கோ மூலத்துக்கோ காத்திருக்க வேண்டும்.

சரோஜாதேவி நீளம். நம்மிடம் தகப்பன் பெயர் முன்னால் வரும். அவர் சிவசுப்பிரமணியம், பாலசுப்பிரமணியம் வகையாக இருந்தால் பரீட்சை விண்ணப்பத்தின் கட்டங்கள் போதாமல் போகும். பிள்ளை வாழ்நாள் முழுக்க எதையாவது வெட்டிச் சுருக்கிக்கொண்டிருக்கும். ‘தேவி’யைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பது இன்னொரு தலையிடி. பிரித்து எழுதிய இடத்தில் அது தனிப் பெயராகிவிடும். சரோஜா மட்டும் என்றால் நல்ல பெயர்.

சாவித்திரியின் சங்கடம் ஆங்கிலத்தில். முடிவில் ‘ஐ’யா ‘வை’யா, நடுவில் ‘ரி’க்கு (T) பிறகு ‘எச்’ உண்டா இல்லையா, ‘வி’யா ‘டபிள்யூ’வா. இவற்றை மாற்றி மாற்றிப் போட்டாலே எட்டு வடிவம் வரும். நீங்கள் ஒன்றை எழுதிக் கொடுப்பீர்கள். பாடசாலையில் ஒருவர் தன் பழக்கத்துக்கு இன்னொன்றை எழுதுவார். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் “சாவி” என்று கேலி செய்வார்களாம். நமக்கு அது திறப்பு, அந்தக் கவலை வேண்டாம்.

தேவிகா குறுகியது, கிரந்த எழுத்து இல்லை, கூப்பிட இலகு. ஒரே முடிச்சு, தமிழ்நாட்டில் ‘டி’யில் (D) தொடங்குவதை நம்மவர் ‘ரி, எச்’ (TH) போட்டும் எழுதுவார்கள். எண்காரரின் கணக்கும் இங்கேதான் அவிழ்கிறது. அவர்கள் பெரும்பாலும் பார்க்கும் கல்தேய முறையில் எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரைதான் மதிப்பு. டி 4, ஈ 5, வி 6, ஐ 1, கே 2, ஏ 1; கூட்டினால் 19. ‘எச்’சின் மதிப்பு 5. அதைச் சேர்த்தால் 24, அவருக்குத் திருப்தி. ஆனால் ‘டி’யை எடுத்துவிட்டு நம் வழக்கப்படி ‘ரி, எச்’ போட்டாலும் அதே 24தான். நடுவில் இல்லாத ஒலிக்கு எழுத்து நட வேண்டியதில்லை. 1 முதல் 9 வரை எண்ணும் பித்தாகரஸ் முறைக்குப் போனால், ‘டி’யில் தொடங்கும் அதே தேவிகா 25 ஆகிவிடுகிறாள். எந்த எண் பிள்ளையின் தலைவிதி என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும். ஜெயலலிதா 2001இல் தன் ஆங்கிலப் பெயரின் முடிவில் இன்னொரு ‘ஏ’ சேர்த்ததை உதாரணம் காட்டுவார்கள். அவர் சேர்த்தால் நாடே திருத்தி எழுதும். நாம் சேர்த்தால் நாம்தான் கந்தோர் கந்தோராக ஏற வேண்டும்.

பதிவுக்கு வருவோம், உண்மையான அவசரம் அங்கேதான். இலங்கையில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். முப்பத்தொன்றில் துடக்குக் கழித்துப் பெயர் வைத்தால் மிச்சம் பதினொரு நாள். நீங்கள் இருப்பது புதுக்குடியிருப்பு என்றாலும், பிள்ளை கிளிநொச்சி, வவுனியா அல்லது யாழ்ப்பாண வைத்தியசாலையில் பிறந்திருந்தால் அந்தப் பிரிவுப் பதிவாளரிடமே பதிவு. கடைசி நாளில் பஸ் ஏற வைக்காதீர்கள். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. பிரதேச செயலகம், மேலதிக ஆவணங்கள் என்று இழுபடும். பெயரில்லாமல் பதிந்துவிட்டுப் பிறகு சேர்க்கவும் வழியுண்டு, ஆனால் அதற்கும் தனி விண்ணப்பம்.

போகும்போது பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லாதீர்கள். கையெழுத்து வைக்க முன் கணவனும் மனைவியுமாக இருவரும் வாசியுங்கள்: கால், கொம்பு, ல–ள, ர–ற, ந–ன. உங்கள் இருவரின் பெயர்களையும் விவாகப் பதிவோடு ஒப்பிடுங்கள். பிள்ளையின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்து தகப்பன் பெயரில் பிழைவிட்டவர்கள் நிறைய. போரில் தொலைந்த பத்திரங்களை 2009க்குப் பிறகு மீள எடுத்த குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. முதலாம் தரத்தில் ஒரு எழுத்து, 15 வயதில் அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று வந்தால், மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி முடித்துத் திரிய வேண்டும்.

ஆண்பிள்ளைக்கு இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி. ‘எம்.ஜி.ஆர்’ என்று பதியாதீர்கள். எம்மும் ஜீயும் இன்னொருவரின் மருதூரும் தகப்பன் கோபாலனும். 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்த அவர் பெயர் ராமச்சந்திரன், அதை வையுங்கள். சிவாஜி நாடக வேடத்தால் வந்த பட்டம், ஜெமினி ஒரு ஸ்டூடியோ. இரண்டையும் கழித்தால் இருவரும் கணேசன்.

எங்கள் தெரிவு தேவிகா, ‘ரி, எச்’ போட்டு, நடுவில் ‘எச்’ இல்லாமல். நீங்கள் மனதுக்குள் வேறொன்று வைத்திருந்தால் அதுவே முந்தட்டும். மாமிக்கு மனக்குறை வேண்டாம்: வீட்டுப் பெயர் சரோ. அவர் ஆசை தீரக் கூப்பிடலாம். ஆனால் கிளினிக் கொப்பியிலும் முன்பள்ளிப் பதிவிலும் பத்திரப் பெயரை மட்டுமே எழுதுங்கள்; முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர் மாமியாக இருந்தால் அந்தத் தாளை அவர் கையிலும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.