வந்தவர் தேடும் சொல் எது?

கேள்வி: வழக்கறிஞர் வைக்க முடியாதவர்களுக்காக ஒரு சட்ட உதவி இணையதளம் நடத்துகிறோம். எல்லாத் தகவலும் அதில் இருக்கிறது, ஆனாலும் போன் செய்து அதையேதான் கேட்கிறார்கள். எதை மாற்றுவது?

பதில்: முதலில் முகப்பை மாற்றுங்கள். 'உரிமையியல் நடைமுறை', 'குடும்பச் சட்டம்' என்று நீங்கள் பிரித்து வைத்திருப்பீர்கள், ஆனால் வருகிறவர் மனதில் இருப்பது 'வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது, இப்போது என்ன செய்ய?' என்பதுதான், அந்த வாக்கியமே அவர் தொடும் இணைப்பாக இருக்கட்டும். அந்த போன் அழைப்புகளைத் தொந்தரவாக நினைக்காதீர்கள், அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள், தலைப்புகள் அங்கேயே கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் பதில் தர வேண்டிய கெடுவை முதலில் சொல்லுங்கள். சட்டப் பின்னணி அப்புறம் வரட்டும். கெடு தவறினால் எதிர்த்தரப்பு கேட்டபடியே தீர்ப்பு ஆகிவிடலாம், பயந்துபோய் வருகிறவருக்கு அதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு (contrast) குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது, பார்வைக் குறைவு போன்ற சிரமம் உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த உதவும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டி (WCAG). படிவங்களை மொபைலிலேயே நிரப்ப முடிகிறதா என்றும் பாருங்கள்.

சரி, மாற்றியபின் சட்டம் படிக்காத 5 பேரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே மறுபடி வேலை இருக்கிறது.