நிர்வாகி அணுக்கம்: கொடுத்ததைத் திரும்பப் பெறுவது எப்படி? விக்கி நிர்வாகம் பற்றிய கேள்வி பதில்

பல மொழி விக்கிப்பீடியாக்களில் தொகுக்கும் பயனர்கள் கேட்ட கேள்விகளும், விக்கிக் கொள்கைகளை நன்கு அறிந்த ஒருவரின் பதில்களும். நிர்வாகி அணுக்கம் என்பது பக்கங்களை நீக்க, பூட்ட, பயனர்களைத் தடை செய்யத் தரப்படும் சிறப்பு உரிமை.

கே: எங்கள் விக்கியில் பத்தாண்டுகளாக அதே நாலு நிர்வாகிகள்தான். அவர்கள் வைத்ததே சட்டம். நேரே விக்கிமீடியா அறக்கட்டளைக்கு எழுதினால் என்ன?

எழுதலாம், ஆனால் பொதுவாக ஆளை மாற்றித் தர மாட்டார்கள். வழங்கி, மென்பொருள், வணிகக்குறி, பயன்பாட்டு விதிமுறைகள் ஆகியவைதான் அறக்கட்டளையின் கையில் உள்ளவை. யார் நிர்வாகி என்பது அந்தந்த மொழிச் சமூகத்தின் முடிவு. 2019இல் ஆங்கில விக்கியில் ஒரு நிர்வாகிக்கு அறக்கட்டளை தானாகவே ஓராண்டுத் தடை விதித்தபோது, எதிர்ப்புத் தெரிவித்து இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் விலகினார்கள். பிறகு அந்த வழக்கு, பயனர்களிடையே எழும் தகராறுகளைத் தீர்க்கும் ஆங்கில விக்கியின் நடுவர் குழுவிடம் வந்தது. குழு தடையை நீக்கியது, நிர்வாகி அணுக்கத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

கே: எங்கள் விக்கியின் அதிகாரி (நிர்வாகி அணுக்கம் வழங்கும் பயனர்) நல்லவர். அவரே நிர்வாகியை நீக்கிவிடலாமே?

பெரும்பாலான விக்கிகளில் அதிகாரியால் அணுக்கம் தர மட்டுமே முடியும். எடுப்பவர்கள், எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மேல்விக்கியில் (Meta-Wiki) உள்ள மேலாளர்கள் (stewards). அவர்களுக்கு உங்கள் மொழி தெரியாது, சண்டையின் வரலாறும் தெரியாது. உள்ளூரில் உரையாடல் நடந்ததா, போதிய நாள் திறந்திருந்ததா, முடிவு தெளிவாக உள்ளதா என்று மட்டும் பார்ப்பார்கள். "எல்லோருக்கும் இவர் மேல் வருத்தம்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. ஆலமரத்தடி எனப்படும் பொது உரையாடல் பக்கத்தில் நடந்த உரையாடலின் நிலையான இணைப்பைக் கொடுத்தால் நடக்கும்.

கே: சரி, எங்கிருந்து தொடங்குவது?

யார் மனமும் நோகாத இடத்திலிருந்து. உள்ளூரில் தனிக் கொள்கை இல்லாத விக்கிகளில், இரண்டாண்டுகளாக ஒரு தொகுப்போ நிர்வாகச் செயலோ செய்யாதவர்களை மேலாளர்கள் ஆய்வுக்கு எடுப்பார்கள். முதலில் அவருக்கும் சமூகத்துக்கும் அறிவிப்பு வரும். யாரும் பதில் சொல்லாவிட்டால் அணுக்கம் போகும். ஓட்டை எங்கே என்றால், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலே தப்பிவிடலாம். ஆகவே உள்ளூர்க் கொள்கையில் "தொகுப்பு" என்று எழுதாமல் "பதிகையில் (மென்பொருள் தானாக வைக்கும் செயல் பதிவேட்டில்) தெரியும் நிர்வாகச் செயல்" என்று எழுதுங்கள். நீக்கல், பூட்டு, தடை மூன்றும் பதிகைகளில் நாள், நேரத்தோடு இருக்கும். ஓராண்டில் பத்துச் செயல் என்று வைத்தாலே பட்டியல் பாதியாகச் சுருங்கலாம்.

கே: ஜெர்மன் விக்கியில் நிர்வாகியைத் திரும்ப அழைக்க முடியுமாமே. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

முறையை எடுங்கள், எண்ணை எடுக்காதீர்கள். அங்கே ஒவ்வொரு நிர்வாகிக்கும் மறுதேர்தல் கோரும் பக்கம் உண்டு. ஒரு மாதத்துக்குள் 25 பேரோ ஆறு மாதத்துக்குள் 50 பேரோ கையொப்பமிட்டால் அவர் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டும். ஆங்கில விக்கி இதுபோன்ற முறைக்கு 2024இல்தான் வந்தது: 30 நாளில் 25 கையொப்பம். இருபது பேர் தொகுக்கும் விக்கியில் 25 கையொப்பம் எங்கிருந்து வரும்? கொள்கை ஏட்டில் மட்டும் இருக்கும்.

உங்கள் எண்ணைக் கணக்கிடும்போது சிறப்புப் பக்கப் புள்ளிவிவரத்தில் வரும் "செயலூக்கமுள்ள பயனர்" எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கடந்த 30 நாளில் ஒரே ஒரு செயல் செய்தவரும் அதில் சேர்த்தி. மாதம் ஐந்து தொகுப்புக்கு மேல் செய்பவர்களை எண்ணுங்கள். அதில் கால்பங்கு, குறைந்தது ஐந்து பேர் என்று வைத்தால் சரியாக வரும் என்பது என் கணிப்பு. இரண்டு மூன்று பேர் போதும் என்று வைத்தால், தடை வாங்கியவரின் நண்பர்கள் மாதாமாதம் மனுப் போடுவார்கள்.

மனு வேறு, தேர்தல் வேறு என்பதையும் எழுதிவையுங்கள். கையொப்பத்தின் வேலை மறுதேர்தலைத் தொடங்குவது மட்டும்தான், நீக்குவது அல்ல. மறுதேர்தலில் ஜெயித்தவர்மேல் ஓராண்டுக்கு அடுத்த மனு கூடாது. கையொப்பம் ஏறிக்கொண்டிருக்கும்போது பதவி விலகி, சூடு ஆறியதும் அதிகாரியிடம் தனியாகக் கேட்டு அணுக்கத்தைத் திரும்ப வாங்கும் வழி ஒன்று இருக்கிறது, அதையும் அடைத்துவிடுங்கள்: மனு திறந்திருக்கும்போது விலகியவர் புதிய வேண்டுகோள் வழியாகவே திரும்ப வேண்டும்.

கே: வெளிப்படையாக எதிர்த்து வாக்களிக்கப் பயமாக இருக்கிறது. ரகசிய வாக்கு?

பயம் நியாயமானதே. ஆங்கில விக்கி 2024 அக்டோபரில் ரகசிய வாக்கில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தது. 32 பேர் நின்றார்கள், 70% ஆதரவு என்ற வரம்பைத் தாண்டி 11 பேர் ஜெயித்தார்கள். வழக்கமான ஏழு நாள் விசாரணைக்கு நிற்கவே தயங்கியவர்கள் முன்வந்தது லாபம். ஏன் தோற்றோம் என்று தோற்றவருக்குத் தெரியாமல் போனது நஷ்டம்.

சின்ன விக்கிக்கு இதில் வேறு சிக்கல். வாக்காளரில் கைப்பாவைக் கணக்கு (ஒரே ஆள் பல பெயரில் வைத்திருக்கும் கணக்கு) உண்டா என்று சோதிக்க, கணக்குகளின் ஐபி முகவரியைப் பார்க்கும் பயனர் சரிபார்ப்பு அணுக்கம் உள்ளவர் வேண்டும். ஒருவரை ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்பதால் ஒரு விக்கியில் அவர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரும் கூடாது. ஆள் இல்லாத இடத்தில் வெளிப்படை வாக்கே பாதுகாப்பு, பங்களிப்பு வரலாற்றை எவரும் புரட்டிப் பார்க்கலாம்.

கே: கைப்பாவை வாக்கு உண்மையிலேயே அவ்வளவு பெரிய பிரச்சினையா?

குரோவாசிய விக்கியைப் பாருங்கள். ஒரு சிறு நிர்வாகிக் குழு ஏறத்தாழ பத்தாண்டு அதைக் கையில் வைத்திருந்தது. இரண்டாம் உலகப்போர்க்காலத்தில் நாஜிகளின் ஆதரவோடு அங்கே நடந்த உஸ்தாசி ஆட்சியின் குற்றங்களைக் கட்டுரைகளில் மழுப்பினார்கள், கேள்வி கேட்டவர்களைத் தடை செய்தார்கள். 2013இலேயே அந்நாட்டுக் கல்வி அமைச்சர் மாணவர்களை எச்சரித்தார். உள்ளே வாக்கெடுப்பு எப்போதும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. முதன்மையான நிர்வாகி 2020இல்தான் எல்லா விக்கிகளிலிருந்தும் தடை செய்யப்பட்டார், அடுத்த ஆண்டு அறக்கட்டளை ஆய்வறிக்கை வெளியிட்டது. நேர்மையான தொகுப்பாளர்கள் பலர் அதற்கு வெகுமுன்பே வெளியேறிவிட்டார்கள். எதிர்த்து வாக்களிக்க ஆளே இல்லாதபோது பெரும்பான்மை என்பதற்குப் பொருள் என்ன?

வாக்குரிமைக்கு மூன்று நிபந்தனை போதும்: அறிவிப்பு வருமுன் தொடங்கிய கணக்கு, கட்டுரைவெளியில் (கட்டுரைப் பக்கங்களில்) 100 தொகுப்பு, அதில் குறைந்தது பத்துத் தொகுப்பாவது கடந்த ஆறு மாதத்தில் செய்தது. வாக்கெடுப்பு தொடங்கிய பிறகு இவற்றைத் தொடாதீர்கள்.

கே: வரைவை ஆலமரத்தடியில் வைத்தாலே நூறு கருத்து வந்து கரைந்துவிடுகிறது.

ஐந்து மாற்றங்களை ஒரே வரைவில் போட்டிருப்பீர்கள். ஒன்றை விரும்பாதவர் எல்லாவற்றையும் எதிர்ப்பார். ஒரு வரைவுக்கு ஒரு மாற்றம். முதல் இரண்டு வாரம் உரையாடல் மட்டும், வாக்குச் சின்னமே கூடாது. அதில் வந்த திருத்தங்களைச் சேர்த்து உரையைப் பூட்டி, இரண்டாம் கட்டமாக இரண்டு வாரம் வாக்கு. முடித்துவைப்பவர் யார் என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள், அவர் வாக்களிக்கக் கூடாது. பலர் தவறுவது இங்கேதான்: முடித்துவைப்பவர் இல்லாமல் ஆறு மாதம் திறந்தே கிடந்து, ஆவணத்துக்குப் போய்விடும். இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட நிர்வாகியோடு மோதல் நடக்கும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். கொள்கையை யாரும் படிக்க மாட்டார்கள், ஆளைத்தான் பார்ப்பார்கள்.

கே: எங்களுக்கும் நடுவர் குழு வேண்டுமா?

வேண்டாம். ஆங்கில விக்கியில் 15 பேர். உங்களிடம் உள்ள நல்ல தொகுப்பாளர் எல்லோரையும் வழக்குப் படிக்க உட்கார வைத்தால் கட்டுரை எழுத ஆள் இருக்காது.

கே: சண்டையில்லாமல் உடனே செய்யக்கூடியது ஏதாவது?

இடைமுக நிர்வாகிப் பட்டியலைப் பாருங்கள். தளம் முழுவதும் ஓடும் நிரலைத் திருத்தும் உரிமை அது. அந்தக் கணக்கு திருடு போனால் வாசகர் எல்லோர் உலாவியிலும் கெட்ட நிரல் ஓடும். அதனால்தான் 2018இல் அதைப் பொது நிர்வாகி அணுக்கத்திலிருந்து பிரித்தார்கள். நிரல் எழுதாதவரிடம் அது இருந்தால், விட்டுக்கொடுக்கச் சொல்லி அவரது பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.