துணியில படம் கீறி என்ன வரப்போகுது?

வாசகர் கடிதம்:

அண்ணா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம். சனிக்கிழமை பின்னேரங்களில எங்கட ஊர் அம்மாமார் கொஞ்சப்பேர் சேந்து பெரிய துணி ஒண்டில படம் கீறித் தைக்கிறம். "உதால சோறு வருமோ, காணாமப் போன பிள்ளை வருமோ" எண்டு சிலர் கேக்கினம். உண்மையில மனசுக்கு ஏதும் நன்மை இருக்கோ?

பதில்:

தங்கச்சி, பிள்ளை எங்க எண்டதுக்குப் பதில் சொல்லவேண்டிய ஆக்கள் வேற, அந்தக் கடனை உங்கட துணியில ஏத்த விடாதேங்கோ.

நன்மை கட்டாயம் இருக்கு. 2015ல இங்கிலாந்தில வந்த ஆய்வு ஒண்டில, புதுசாச் சேந்த ஆக்களை பாட்டு, கைப்பணி, எழுத்து எண்டு வேறவேற வகுப்புகளில 7 மாசம் பாத்தவை, பாடினாக்கள் கெதியா ஒட்டிட்டினம், ஆனா 7 மாச முடிவில எல்லா வகுப்பிலயும் நெருக்கம் ஒரே அளவுதான். தையலுக்குக் கொஞ்சம் நாள் எடுக்கும், அவ்வளவுதான். அதாலதான் பானர் கட்டி மூண்டுநாள் வேர்க்‌ஷொப் வச்சிட்டுப் போறதில எனக்கு நம்பிக்கை இல்லை, உங்கட சனிக்கிழமையில இருக்கு.

எங்கட சனத்துக்கு இது புதுசில்லையே. காத்தவராயன் கூத்து மேடையில ஒரு இரவு, பழகிறது எத்தினையோ இரவு, கதைநாயகன் காத்தான் ஒருத்தனுக்கே மூண்டு நாலு பேர் மாறிமாறி வருவினம், ஆட வராதவர் பிற்பாட்டுக்கு நிப்பார், அதுவும் வராட்டி பிளேன்ரீ ஊத்துவார், ஒருத்தரும் வெளியாள் இல்லை. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரில அடிபட்ட எங்கட வன்னியைப் பற்றி 2010ல எழுதேக்க, இஞ்ச காயப்பட்டது தனியாக்கள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேந்துதான் எண்டு காட்டினவர். ஊருக்குப் பட்ட காயத்தை ஆளாளா வீட்டுக்க இருந்து எப்பிடி ஆத்துறது?

ஒண்டு மட்டும், "உங்கட கவலையைக் கீறுங்கோ" எண்டு யாரையும் கேக்காதேங்கோ. தாமரை கீறினா கீறட்டும், முத்தத்து மாமரத்தைக் கீறினா கீறட்டும். கை ஊசியில இருக்கேக்க ஆற்றையும் முகத்தைப் பாக்கத் தேவையில்லை, அதால கதை தானா வரும், வராட்டியும் பறவாயில்லை. ஆனா நித்திரை சாப்பாடு இல்லாம, சாகிற கதை கதைக்கிற அம்மா இருந்தா தையலோட விட்டிடாதேங்கோ, ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்கு நீங்களே கூடப் போங்கோ, அவ திரும்பி வரேக்க இடம் அப்பிடியே இருக்கட்டும்.

துணி முடிஞ்சா எங்க தொங்கவிடுறது, ஆர் போட்டோ எடுக்கலாம் எண்டதையும் அம்மாமாரே முடிவெடுக்கட்டும்.